கேள்வி நேரம்: சக்கையும் வைக்கோலும் காசாகுமா?

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல நிறைய எத்தனால், பெல்லட் (மரத்தூள், கடலைத்தோல் அழுத்திச் செய்யற எரிபொருள் கட்டி), வைக்கோல் கேஸ் பத்தியே இருந்துச்சு, அதனால மத்தத அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்குறோம். இந்த ஷேர வாங்குங்க, அந்த ஷேர வித்துடுங்கன்னு இங்க சொல்ல மாட்டோம், அது பங்குச்சந்தையக் கண்காணிக்கிற செபில பதிவு பண்ண ஆலோசகரோட வேலை. கம்பெனிக்குக் காசு எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு மட்டும் பார்க்கலாம்.

"பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வந்துடுச்சு, இனிமே சக்கரை ஆலைங்களுக்கு யோகம்தான்னு எங்க வாக்கிங் குரூப்ல ஒரே பேச்சு. ரிட்டையர்மென்ட் காசுல மூணு லட்சம் சும்மா இருக்கு. சுகர் ஷேர்ல போடலாமா சார்?"
ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

வாக்கிங் குரூப் சொல்றதுல பாதி சரி சார். 2013-14ல பெட்ரோல்ல கலந்த எத்தனால் ஒண்ணரை சதவீதம்தான், 2022 ஜூன்ல அது 10 ஆச்சு, 2030ல தொடலாம்னு வெச்சிருந்த 20 சதவீதத்த முன்னாடி இழுத்து 2025லயே தொட்டுட்டாங்க. அரசாங்கத் திட்டம் ஒண்ணு கெடுவுக்கு முன்னாடியே முடியறது நம்ம நாட்டுல எப்பவாச்சும்தான் நடக்கும், அத ஒத்துக்கணும். ஆனா எத்தனால் கூடுதுங்கிறது ஒரு விஷயம், ஆலைக்காரனுக்கு லாபம் கூடுதுங்கிறது வேற விஷயம்.

ஆலை வாங்குறது கரும்பு. அதுக்கு எஃப்.ஆர்.பி.ன்னு ஒரு விலைய மத்திய அரசு வைக்குது, அதுக்குக் கீழ ஒரு பைசா குறைக்க முடியாது. 2022-23ல குவிண்டாலுக்கு ரூ.305, 2024-25ல ரூ.340, 2025-26ல ரூ.355. விக்கிறது எத்தனால், அத வாங்குறது அரசு ஆயில் கம்பெனிங்க, அந்த விலையும் டெல்லிலதான் முடிவாகுது. கரும்புச் சாறுலேருந்து நேரா எடுத்தா லிட்டருக்கு ரூ.65.61, சக்கரை எடுக்கறப்போ நடுவுல கிடைக்கிற பி-ஹெவி மொலாசஸ்ங்கிற பாகுலேருந்து எடுத்தா ரூ.60.73. இது ரெண்டும் 2022-23ல வெச்ச விலை, 2024-25லயும் அதேதான். கரும்பு ஏறிக்கிட்டே போச்சு, எத்தனால் நின்ன எடத்துலயே நின்னுச்சு. சரி சக்கரையாவது கைகொடுக்குமான்னா அதுக்கான குறைந்தபட்ச விலை கிலோவுக்கு ரூ.31, அது 2019 பிப்ரவரில வெச்சது. ஆக வாங்குற விலையும் முதலாளி கையில இல்ல, விக்கிற விலையும் அவர் கையில இல்ல, நடுவுல மிஞ்சுற அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நீங்க பங்குதாரர் ஆகப்போறீங்க.

இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க, 2023 டிசம்பர் 7. மகாராஷ்டிரா, கர்நாடகால மழ கம்மி, சக்கரை உற்பத்தி குறையும்னு பயம், அடுத்த வருஷம் தேர்தல் வேற. அன்னிக்கு ஒரே உத்தரவுல கரும்புச் சாறுலேருந்து எத்தனால் எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அத நம்பிக் கடன் வாங்கி எத்தனால் காய்ச்சுற டிஸ்டில்லரி போட்டவங்க கதி என்னாயிருக்கும்னு நீங்களே யோசிங்க, சுகர் ஷேர்லாம் மடமடன்னு எறங்குச்சு. ஒரு வாரம் கழிச்சு 17 லட்சம் டன் சக்கரைய எத்தனாலுக்குத் திருப்பி விட்டுக்கலாம்னு கொஞ்சம் தளர்த்துனாங்க, முழுசா தடை நீங்க 2024 நவம்பர் ஆச்சு. யாரும் தப்பு பண்ணல, கம்பெனி நல்லாத்தான் நடந்துச்சு, இருந்தும் லாபம் போச்சு.

இப்போ புதுசா ஒரு தலைவலியும் சேர்ந்திருக்கு. 2025-26க்கு ஆயில் கம்பெனிங்க கேட்டது 1,050 கோடி லிட்டர், நாங்க தர்றோம்னு வந்து நின்னது 1,776 கோடி லிட்டர். அதுலயும் ஏறக்குறைய முக்கால் பங்கு மக்காச்சோளம், அரிசில எத்தனால் எடுக்கறவங்களுக்குப் போயிடுச்சு, கரும்புக்காரங்களுக்கு மிச்சம்தான். 20க்கு மேல 27, 30ன்னு எப்போ போவாங்கங்கிற பேச்சுலதான் இந்தக் கம்பெனிங்க ஷேர் இப்போ ஏறி எறங்கிட்டு இருக்கு.

தமிழ்நாட்டுக் கம்பெனியாச்சேன்னு யோசிச்சீங்கன்னா ஒரு விஷயம் சொல்லணும். நெல்லிக்குப்பத்துல 1842லேருந்து ஆலை வெச்சிருக்கிற ஈ.ஐ.டி. பாரி எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். ஆனா அந்த ஷேர வாங்குனா நீங்க பெரும்பாலும் வாங்குறது உரக் கம்பெனிய. கோரமண்டல் இன்டர்நேஷனல்ல பாதிக்கு மேல பங்கு அவங்க கிட்டதான் இருக்கு, உரம் நல்லா ஓடுனா ஷேர் ஏறும், எத்தனால் என்ன ஆனாலும் சரி. இது குறை இல்ல, எதுக்கு ஆசைப்பட்டு எத வாங்குறோம்னு தெரிஞ்சிருக்கணும் அவ்ளோதான். வாங்கறதுக்கு முன்னாடி ஆண்டறிக்கைல டிஸ்டில்லரி தனியா எவ்ளோ லாபம் காட்டுது, கரும்பு விவசாயிக்கு 14 நாள்ல காசு குடுக்கணும்ங்கிற சட்டப்படி குடுக்குறாங்களா பாக்கி நிக்குதான்னு பாருங்க. பாக்கி நின்னா கம்பெனி கையில காசு இல்லன்னு அர்த்தம். ரிட்டையர்மென்ட் காசுன்னு சொல்றீங்க, மூணு லட்சத்தையும் ஒரே தொழில்ல, அதுவும் இந்தத் தொழில்ல கொட்டாதீங்க சார்.

"முட்டைப் பண்ணை வெச்சிருக்கோம். தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம்தான். எத்தனாலுக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து வெல கட்டுப்படியாகல. எங்க வீட்டுக்காரர், 'நம்ம வயித்துல அடிக்கிறவன் ஷேரையே வாங்கி வெச்சா இங்க போற காசு அங்க வருமே'ங்கிறார். சரியா வருமா?"
ஒரு வாசகி, நாமக்கல்

உங்க வீட்டுக்காரர் யோசனை ரசிக்கும்படியா இருக்கும்மா, ஆனா கணக்கு உதைக்குது. ஒரு டன் மக்காச்சோளத்துல சுமாரா 380 லிட்டர் எத்தனால் வரும். குவிண்டால் ரூ.2,400ன்னு வெச்சா டன் ரூ.24,000, லிட்டருக்கு மக்காச்சோளச் செலவு மட்டுமே ரூ.63. ஆயில் கம்பெனி குடுக்கறது ரூ.71.86. மிச்சம் ஒம்பது ரூபாகூட இல்ல, அதுல நொதிக்க வைக்கற என்சைம், பாய்லருக்கு எரிபொருள், கூலி, வட்டி எல்லாம் பார்க்கணும். அவங்கள காப்பாத்துறது டி.டி.ஜி.எஸ்.ன்னு சொல்ற அந்தப் புண்ணாக்கு மாதிரி மிச்சம்தான், டன்னுக்கு சுமார் 300 கிலோ வரும், அத மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமா விப்பாங்க.

இப்போ மக்காச்சோளம் குவிண்டால் 2,700 ஆச்சுன்னு வைங்க. உங்களுக்கு அடி. டிஸ்டில்லரிக்காரனுக்கும் அதே அடி, லிட்டருக்கு ரூ.71 செலவாயிடும், விக்கிற விலையோ அதே ரூ.71.86. ஆக நீங்களும் அவனும் எதிரெதிர் பக்கம் இல்லம்மா, ஒரே பக்கம்தான் நிக்கிறீங்க. உங்களுக்கு நஷ்டம் வர்ற அதே மாசம் அந்த ஷேரும் எறங்கும். மக்காச்சோளம் ஏறுனா சந்தோஷப்படுறது வெளைவிச்சவனும் குடோன்ல வெச்சிருக்கறவனும்தான். அந்த ஷேர் காசுல அறுவடை சீசன்ல நல்லா காஞ்ச சோளமா பார்த்து ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து வாங்கிப் போடுங்க, அதுதான் உங்களுக்கு இன்வெஸ்ட்மென்ட்.

டி.டி.ஜி.எஸ். மலிவா கிடைக்குதுன்னு தீவனத்துல சேர்க்கறதா இருந்தா பூஞ்சை நச்சு டெஸ்ட் பண்ணாம சேர்க்காதீங்க. மக்காச்சோளத்துல இருக்கிற நச்சு எத்தனாலோட போகாது, மிச்சத்துல மூணு மடங்கு கெட்டியாகி நிக்கும். முட்டை குறையுறது அப்புறம்தான் தெரியும்.

"கரும்பு, சோளம்லாம் பழசு, வைக்கோல், மரத்தூள்லேருந்து எடுக்கற 2ஜி எத்தனால்தான் பல மடங்கு ஏறப்போற அடுத்த மல்டிபேக்கர்னு ஒரு யூடியூபர் சொல்றாரு. ஆரம்பத்துலயே உள்ள போயிடலாமா ப்ரோ?"
ஐ.டி. ஊழியர், பெருங்குடி

தம்பி, ஆரம்பத்துலயே உள்ள போனவங்க கதை ஒண்ணு இருக்கு, கேளு. அமெரிக்கால கியோர்னு ஒரு கம்பெனி. பைன் மரத்தூளப் போட்டா பெட்ரோல், டீசல் வரும்னாங்க. பின்னாடி நின்னது வினோத் கோஸ்லா, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், லேசுப்பட்ட ஆள் இல்ல. மிசிசிப்பி மாநில அரசு 7.5 கோடி டாலர் வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. 2011 ஜூன்ல 15 டாலருக்கு ஷேர் விட்டாங்க, கொலம்பஸ்ங்கிற ஊர்ல பிளான்ட்டும் கட்டுனாங்க. 2014 நவம்பர்ல திவால். டெக்னாலஜி பொய்யான்னா இல்ல, லேப்ல எண்ணெய் வந்துச்சுதான். ஒரு டன் மரத்துக்கு எத்தன காலன் வருதுங்கிற ஒரே ஒரு நம்பர்லதான் எல்லாம் போச்சு, அந்த நம்பர் பத்தி முதலீட்டாளர்கள தப்பா நம்ப வெச்சாங்கன்னு 2016ல அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் கேஸே போட்டுச்சு. அதனால எந்த 2ஜி கம்பெனியா இருந்தாலும் நீ கேக்க வேண்டிய மொத கேள்வி, "ஒரு டன் போட்டா எவ்ளோ வருது, அது லேப்லயா பிளான்ட்லயா, தொடர்ந்து எத்தன மாசம் வந்துச்சு?" அதுக்குப் பதில் இல்லாம 2047 இந்தியான்னு பவர்பாயின்ட் காட்டுனா எழுந்து வந்துடு.

நம்ம நாட்டுல இந்தியன் ஆயில் பானிபட்ல போட்டிருக்காங்க, 2022 ஆகஸ்ட் 10ல தொடங்கி வெச்சாங்க. 900 கோடிக்கு மேல செலவு, வருஷம் 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால். வகுத்துப் பாரு, வருஷத்துக்கு ஒரு லிட்டர் எடுக்குற சக்திக்கு 300 ரூபா முதல். சோளத்துல எடுக்குற டிஸ்டில்லரிக்கு இதுல சின்ன பங்குதான் ஆகும். வைக்கோலோ அக்டோபர், நவம்பர்ல சில வாரம்தான் வயல்ல கிடக்கும், அத வருஷம் முழுக்க நனையாம, தீப்பிடிக்காம அடுக்கி வைக்கணும். அஸ்ஸாம் நுமாலிகர்ல மூங்கில வெச்சு 2025 செப்டம்பர்ல ஒண்ணு தொடங்கியிருக்காங்க, அதுவும் ஆயிரக்கணக்கான கோடி. இதெல்லாம் அரசு ஆயில் கம்பெனி தாங்கும், சின்ன கம்பெனி தாங்காது.

பிளான்ட் கட்டிக் குடுக்கறவங்க ஷேர் வாங்கலாமேன்னு அடுத்து கேப்ப. புனேல இருக்கிற பிராஜ் இண்டஸ்ட்ரீஸ் அந்த வேலைதான் பண்ணுது, பானிபட் டெக்னாலஜியும் அவங்களோடதுதான். கரும்பு விலை, மழ இந்தத் தொல்லையெல்லாம் அவங்களுக்கு நேரா கிடையாது, அது உண்மை. ஆனா எல்லாரும் டிஸ்டில்லரி கட்டி முடிச்சிட்டா புது ஆர்டர் எங்கேருந்து வரும்? தேவைக்கு மேல பிளான்ட் இருக்குன்னு மேல சாருக்குச் சொன்னேன்ல, அத அப்படியே இங்க வெச்சுப் பாரு. விமான எரிபொருள்ல 2027லேருந்து ஒரு சதவீதம் பயோ எரிபொருள் கலக்கணும், 2030ல 5 சதவீதம்னு சர்வதேச விமானங்களுக்கு இலக்கு வெச்சிருக்காங்க, அதுல ஆர்டர் வரலாம்னு அவங்க எதிர்பார்க்கறாங்க. ஆர்டர் புக் ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுவாங்க, யூடியூப்புக்குப் பதிலா அதப் படி.

"பெல்லட் கம்பெனி ஒண்ணு. ஆறு லட்சம் கட்டுனா என் பேர்ல மெஷின் ஓட்டி, மாசம் 18,000 மூணு வருஷம் குடுத்து, கடைசில முதலையும் திருப்பித் தர்றாங்களாம். அனல்மின் நிலையம் எல்லாம் பெல்லட் கலந்தே ஆகணும்னு சட்டமே வந்துருச்சுன்னு பேப்பர் கட்டிங் காட்டுறாங்க. சொந்தக்காரர் ஒருத்தருக்கு நாலு மாசமா கரெக்டா காசு வருது."
ஜவுளிக்கடை வியாபாரி, அருப்புக்கோட்டை

போடாதீங்க அண்ணாச்சி.

பேப்பர் கட்டிங் நிஜம்தான். நிலக்கரியோட 5 சதவீதம் பெல்லட் கலக்கணும்னு 2024-25லேருந்து அனல்மின் நிலையங்களுக்கு விதி இருக்கு. அந்த நிஜத்தக் காட்டித்தான் பொய்ய விக்கிறாங்க. மாசம் 18,000ன்னா வருஷத்துக்கு 2,16,000, ஆறு லட்சத்துக்கு 36 சதவீதம். பெல்லட் தொழில்ல அவ்ளோ கிடைச்சா அவங்க பேங்க்ல 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கி ஓட்டிட்டு மிச்சத்த அவங்களே வெச்சுப்பாங்கல்ல, அருப்புக்கோட்டை வரைக்கும் உங்களத் தேடி எதுக்கு வரணும்? நாலு மாசம் கரெக்டா வர்றது அடுத்தவன் கட்டுற காசுலேருந்து வர்றது. பெருந்துறைல ஈமு கோழில இதேதான் நடந்துச்சு, அங்கயும் கோழி நிஜம், கொட்டகை நிஜம், மொத சில மாசம் காசும் நிஜம், 2012ல எல்லாம் ஒரே நாள்ல சரிஞ்சுது.

நேர்ல போய்ப் பார்த்தேன் மெஷின் ஓடுதேன்னு சொல்வீங்க. மெஷின் ஓடறத விட்டுடுங்க, கரண்ட் பில்ல கேளுங்க. மரத்தூள், கடலைத்தோல் அரைச்சு அழுத்துற மெஷின் கரண்ட நல்லா தின்னும், நெசமாவே டன் கணக்குல ஓட்டுனா பில்லு சொல்லிடும். லாரி எடைச்சீட்டு கேளுங்க, எந்த மின் நிலையத்துக்கு எவ்ளோ டன் போச்சுன்னு ஜி.எஸ்.டி. பில்லு கேளுங்க. டையும் ரோலரும் தேஞ்சா மாத்துற செலவு யாருதுன்னு கேளுங்க. பதில் வராது, "நம்பிக்கைதான் சார் முக்கியம்"னு வரும். இப்படிப் பலபேர் காசச் சேர்த்து ஒருத்தர் தொழில் நடத்துற திட்டத்துக்கு செபி பதிவு வேணும், டெபாசிட்னா அதுக்குத் தனி விதி இருக்கு. ரிசர்வ் பேங்கோட சசேத்ங்கிற வெப்சைட்ல பேரத் தட்டிப் பாருங்க. உங்க சொந்தக்காரர முடிஞ்ச வரைக்கும் முதல வெளில எடுக்கச் சொல்லுங்க, எடுக்க முடியலன்னா பொருளாதாரக் குற்றப்பிரிவுல புகார் குடுக்க வேண்டியதுதான், 1997லேருந்து டெபாசிட்தாரர் பாதுகாப்புக்குன்னே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு.

நல்ல நோக்கத்தோட நடந்ததுலயும் உங்க பக்கத்துலயே பாடம் இருக்கு. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்த எரிச்சு கரண்ட் எடுக்கற பிளான்ட் வந்துச்சு. யாரும் சீண்டாத முள்ளுதானேன்னு கணக்குப் போட்டாங்க. பிளான்ட் வாங்க ஆரம்பிச்சதும் முள்ளுக்கு விலை வந்துடுச்சு, ஏற்கெனவே கரிமூட்டம், செங்கல் சூளை, மில்லு பாய்லர்னு ஆளுங்க போட்டிக்கு நின்னாங்க. விறகு விலை ஏறுச்சு, மின்வாரியம் குடுக்கற யூனிட் விலை ஒப்பந்தப்படி அங்கயே நின்னுச்சு. ஓட்டுறத விட நிறுத்துறது லாபம்னு ஆயிடுச்சு பலபேருக்கு. பயோடீசல் எடுக்கலாம்னு சொன்ன காட்டாமணக்கும் இப்படித்தான், 2003ல திட்டக்குழு அறிக்கை வந்தப்போ தரிசுல வளரும், தண்ணி வேணாம்னாங்க. செடி வளந்துச்சு, தண்ணியும் உரமும் இல்லாம காய்தான் வைக்கல.

"பைக்ல 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊத்துனா மைலேஜ் குறையுமா?"
கல்லூரி மாணவர், திண்டுக்கல்

கேள்வி கொஞ்சம் தடம் மாறுது, பரவால்ல. குறையும். பழைய டிசைன் டூவீலர்ல 3லேருந்து 4 சதவீதம், கார்ல 6லேருந்து 7 சதவீதம்னு நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட அறிக்கையே சொல்லுது. முதலீட்டாளர்களும் இதக் கவனிக்கணும், ஏன்னா வண்டிக்காரங்க சத்தம் கூடக் கூட 20க்கு மேல போறது தள்ளிப்போகும்.

"எங்க பக்கம் வைக்கோல்லேருந்து கேஸ் எடுக்கற பிளான்ட் வரப்போகுதாம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி மூலமா நாங்களும் பங்கு போடணும்ங்கிறாங்க. போடலாமா?"
விவசாயி, திருத்துறைப்பூண்டி

இது ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன், தொழில் நிஜமான தொழில். பஞ்சாப்ல சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகால ஜெர்மனியோட வெர்பியோ கம்பெனி 2022ல ஒரு பிளான்ட் தொடங்குச்சு, ஒரு நாளைக்கு 33 டன் கேஸ் எடுக்கற அளவு. 2025-26லேருந்து நகர எரிவாயுல ஒரு சதவீதம் இந்த கேஸ் இருக்கணும், 2028-29ல அது 5 ஆகணும்னு விதியும் வந்துருக்கு, அதனால வாங்க ஆள் இருக்கு. ஆனா 2018ல சதத்னு திட்டம் போட்டப்போ 2023க்குள்ள 5,000 பிளான்ட்னு சொன்னாங்க, அதுக்குப் பக்கத்துலகூட வரல.

பஞ்சாப் கணக்க டெல்டாவுக்கு அப்படியே போட முடியாது. அங்க வைக்கோல எரிக்கிறாங்க, அதனால மலிவு. இங்க மாட்டுக்கு வேணும், கட்டு கட்டி கேரளாவுக்கு லாரி போகுது. குறுவை அறுக்குறப்போ மழ புடிச்சுக்கும், மெஷின்ல அறுத்த வைக்கோல் சேத்தோட கிடக்கும், சம்பா வைக்கோல்தான் ஒழுங்கா கிடைக்கும். அத வெச்சு வருஷம் பூரா எப்படி ஓட்டுவாங்கன்னு கேளுங்க, சாணம், சக்கரை ஆலைல மிஞ்சுற பிரஸ்மட்ங்கிற கழிவு எதாச்சும் சேர்ப்பாங்களான்னு கேளுங்க. கேஸோட மலையா எருவும் வரும், அத யார் வாங்குவான்னும் கேளுங்க. எரு டன்னுக்கு ரூ.1,500 அரசு உதவின்னு 2023ல அறிவிச்சாங்க, இருந்தாலும் வித்தாத்தானே அது வரும்.

பங்கு போடறதுக்கு முன்னாடி வைக்கோல் விலைய எழுத்துல வாங்குங்க, வருஷா வருஷம் ஏத்துற மாதிரி. பங்குல டிவிடெண்ட் வர பல வருஷம் ஆகும், வரலாம் வராமலும் போகலாம். வைக்கோல் காசு அறுவடை முடிஞ்சதும் கைக்கு வரும். ரெண்டுல எது உங்களுக்கு நிச்சயம்னு உங்களுக்கே தெரியும்.

"வெளிநாட்டுக் கம்பெனி ஷேர் வாங்க எனக்கு வசதி இருக்கு. அங்க இந்தத் தொழில் முதிர்ச்சியா இருக்கும்ல?"
ஒரு வாசகர், சிங்கப்பூர்

முதிர்ச்சியா இருக்கு, அடியும் முதிர்ச்சியாவே வாங்கியிருக்காங்க. உலகத்துலயே பெரிய மர பெல்லட் கம்பெனி அமெரிக்காவோட என்விவா, ஐரோப்பா, ஜப்பான் மின் நிலையங்களோட பல வருஷ ஒப்பந்தம் கையில வெச்சிருந்தாங்க. 2024 மார்ச்ல திவால் மனு. விக்கிற விலைய ஒப்பந்தம் கட்டிப் போட்டுடுச்சு, செலவ யாரும் கட்டிப் போடல. பிரேசில்ல ஷெல்லும் கோசானும் சேர்ந்து நடத்துற ரைசன், கரும்புச் சக்கைலேருந்து 2ஜி எடுக்குறதுல முன்னணி, 2021 ஆகஸ்ட்ல 7.40 ரியாலுக்கு ஷேர் விட்டாங்க, 2025ல ரெண்டு ரியாலுக்கும் கீழ. அந்த நாட்டு வட்டில அவ்ளோ கடன் வாங்கி பிளான்ட் கட்டுனா அப்படித்தான், நடுவுல வறட்சியும் கரும்புக்காட்டுல தீயும் வேற.

"இதுக்குன்னு தனி மியூச்சுவல் ஃபண்ட் இருக்கா?"
இல்லத்தரசி, திருப்பூர்

அதத் தேடிப் போக வேணாம்மா. உங்க கிட்ட பெரிய கம்பெனிங்க ஷேர மொத்தமா வாங்கி வெக்கிற சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் இருந்தாலே பெரிய ஆயில், கேஸ் கம்பெனிங்க அதுக்குள்ள இருக்கும், எத்தனால வாங்குறதும் பிளான்ட் போடுறதும் அவங்கதான்.

"நாலு ஏக்கர்ல சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு. பயோ ஃபியூயல்ங்கிறாங்களே, வித்தா காசு வருமா?"
ஒரு வாசகர், முதுகுளத்தூர்

வரும். கரிமூட்டம் போடுறவர்கிட்ட ஒரு விலை, சூளைல ஒரு விலை, பாய்லர் வெச்சிருக்கிற மில்லுல ஒரு விலை, மூணையும் கேட்டுட்டு பேசுங்க. வெட்டுக்கூலி யாரு குடுக்கறது, தூரோட புடுங்கித் தருவாங்களா மேல மட்டும் வெட்டிட்டுப் போவாங்களான்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. அட்வான்ஸ் வாங்காம ஆள உள்ள விடாதீங்க.